காற்றில் வந்த சேலைகள்

எங்கள் வாய்க்கால்மேட்டுத் தெருவில் சேலைகள் வீடு மாறத் தொடங்கியது ஒரு ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடுதான். ஈரோட்டுக் கடைவீதியில் பாதி விலை, கால் விலை என்று கூவிக் கொடுத்ததையெல்லாம் நாங்கள் அள்ளிக்கொண்டு வந்து, ஒரு முறை கட்டி, ஒரு முறை நனைத்து, மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டுவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்து, குழம்பு ஊற்றி, ரசம் ஊற்றி, மோர் ஊற்றி, கை கழுவிக்கொண்டு மேலே போய்ப் பார்த்தால், கோகிலவாணியின் மாம்பழ நிறச் சேலை நூர்ஜஹான் வீட்டுக் கொடியில் கிளிப் போட்டபடி காய்ந்துகொண்டிருந்தது.

கோகிலவாணி சும்மா விடுகிற ஆள் இல்லை. குழாயடியில் நின்று தெருவையே கூட்டிவிட்டாள்.

"பட்டப்பகல்ல மாடியேறி வந்து எடுத்துட்டுப் போயிருக்கறீங்களே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கட்டிக்கக் குடுத்திருக்க மாட்டனா?"

"நான் தொடவே இல்லீங்க. சோறு தின்னுபோட்டு வந்து பாக்கறேன், என்ற கொடியில தொங்குது," என்றாள் நூர்ஜஹான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, யாரும் கேட்காமலே சொன்னாள்: "ஆனா நேத்து நீங்க அதக் கட்டிட்டு ரேசன் கடைக்கு வந்தீங்கல்ல, அப்ப எனக்கு வயிறு எரிஞ்சது நெசந்தானுங்க."

குழாயடியில் நின்ற நாங்கள் எல்லோரும் அவரவர் குடத்தைக் கழுவத் தொடங்கினோம். ஏனென்றால் அந்த வாரம் எங்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக் கொடியில் நாங்கள் வாங்காத துணி ஏதாவது ஒன்று வந்து தொங்கியிருந்தது, அதை நாங்கள் சத்தமில்லாமல் மடித்து அலமாரி அடியில் சொருகி வைத்திருந்தோம். எனக்கு வந்தது ஒரு நீலப் பூனம் சேலை. யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, கோயிலில் அதைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டது எனக்குத்தானே தெரியும்.

ஏன் இப்படி என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. சாயத்தண்ணீர் கலந்த வாய்க்கால் தண்ணீர் என்றார்கள், சோப்புத் தூள் மாறிவிட்டது என்றார்கள், எங்கள் தெருப் பிள்ளையாருக்கு அந்த வருஷம் வேட்டி சாத்தாமல் விட்டோம் என்றார்கள். சமையல், துவையல் என்று ஆயிரம் வேலை கிடக்க யார் இதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? ஒரு மாதத்திற்குள் அதன் நடைமுறை எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது, அது போதுமானதாக இருந்தது. ஈரத்துணிதான் போகும், காய்ந்தது போகாது. மாடிக் கொடியில் கிடந்தால்தான் போகும். எத்தனை பேர் ஆசைப்பட்டாலும் எவள் அதிகம் வெந்தாளோ அவள் கொடிக்குப் போகும். போனது தானாகத் திரும்பி வராது, அதை வைத்திருப்பவள் கையால் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. கோகிலவாணி தன்னிடம் வந்த ஒரு சேலையை இரண்டு வாரம் கொடியிலேயே விட்டு வைத்துப் பார்த்தாள், அது மழையில் நனைந்து வெயிலில் வெளுத்ததே தவிர அசையவில்லை.

முதலில் எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. யாருக்கு யார் மேல் காய்ச்சல் என்பது மொட்டை மாடியில் தொங்கினால் எப்படி இருக்கும்? வீட்டுக்குள்ளேயே காயப் போட்டோம், ஈரவாடை அடித்தது, பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது, மறுபடி மாடிக்கே போனோம். பிறகு ஒரு மரியாதை தானாக வந்து சேர்ந்தது. வந்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனால் வெறுமனே கொடுப்பதில்லை, முந்தானையில் இரண்டு வாழைப்பழமோ ஒரு முழம் கதம்பமோ முடிந்துதான் கொடுப்பது. பொறாமை என்ற சொல்லை வாயில் எடுப்பதே இல்லை. "காத்துல வந்துருச்சுங்க" என்று ஒருத்தி சொல்ல வேண்டும், "ஆமாங்க, காத்து இப்ப ரொம்பத்தான் அடிக்குது" என்று மற்றவள் சொல்ல வேண்டும். வேப்ப இலை ஒன்றுகூட அசையாத சித்திரை வெயிலிலும் நாங்கள் காற்றைத்தான் குறை சொன்னோம்.

ஜவுளிக்கடைக்காரர்கள் மத்தியான நேரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருவில் நடந்து, எந்த டிசைன் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சரக்கு எடுத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவதற்கு முன்னால், மாடியைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று சொல்லி ஏறிப் போனார்கள். ஆண்களின் துணி போகாது என்று நினைத்தோம், வங்கிக்காரர் ஒருவரின் கோடுபோட்ட சட்டை அவர் அண்ணன் வீட்டுக் கொடியில் போய்த் தொங்கியதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. பள்ளிக்கூடச் சீருடை மட்டும் எங்கேயும் போனதில்லை.

இந்தத் தெருவில்தான் வசந்தாமணி இருந்தாள், என் எதிர் மாடி. 'ஒய்யாரம்' பத்திரிகையில் மாதா மாதம் 'சிக்கன சிங்காரம்' எழுதுகிற வசந்தாமணி அவள்தான். பெரிய கடைகளில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதை நம் ஜவுளிச் சந்தையில் எந்த வரிசையில், யாரிடம், எப்படிப் பேசி எடுப்பது, எடுத்ததை எதோடு சேர்த்துக் கட்டுவது, குட்டையாக இருப்பவர்களுக்கு எந்தக் கரை, கழுத்து குறுகியவர்களுக்கு எந்த ரவிக்கை, கறுப்பாக இருப்பவர்கள் ஏன் எந்த நிறத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று அவள் எழுதினால், மதுரையிலும் நாகர்கோவிலிலும் இருக்கிற பெண்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்களாம். நாங்களும் அதன்படிதான் எடுத்தோம், அதன்படிதான் கட்டினோம். அவள் வீட்டு வாசல் தாண்டும்போது மட்டும் கொசுவத்தை ஒரு முறை நீவி விட்டுக்கொண்டு வேகமாகப் போவோம். அவளைப் பார்த்தால் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவள் ஒரு நாளும் தப்பாக உடுத்தியதில்லை, அப்படிப்பட்டவளை மதிக்கலாம், அவள் மேல் ஆசை வருமா?

வரவில்லை. அவள் சேலை ஒன்றுகூட ஒருத்தி கொடிக்கும் போகவில்லை.

முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவள் மாடியில் காயப் போடுகிற வழக்கமே இல்லாதவள். வெயில் நிறத்தைத் தின்றுவிடும், நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள் என்று அவளே எழுதியிருந்தாள். வீட்டில் போடுகிற நைட்டியும் புருஷன் சிவசாமியின் பனியனும்தான் மேலே வரும். அதனால், வெளியே போட்டால் போகாமலா இருக்கும் என்று அவள் மனதுக்குள் ஒரு தைரியம் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வெறும் கொடியானாலும் அது கொடிதானே, வருவது வந்தது. அதுவும் யாருடையது என்கிறீர்கள், மைனாவதியுடையது!

மைனாவதி தெருமுனையில் மாவு மில் வைத்திருந்தாள். புருஷன் மிளகாய் அரைப்பான், இவள் அரிசியும் கோதுமையும் அரைப்பாள். புருவத்தில் மாவு, காது மடலில் மாவு, கொசுவத்தில் எத்தனை துவைத்தாலும் போகாத மாவு. கைக்கு வந்த சேலையை, கைக்கு வந்த ரவிக்கையோடு கட்டுவாள், பச்சைக்கும் ஊதாவுக்கும் சண்டை என்றால் அது அவற்றின் பாடு என்று விட்டுவிடுவாள். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, மில் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் துணி எதுவும் தன் கொடியில் காய்ந்ததே இல்லை. போட்ட சேலையெல்லாம் தெருவுக்குள் போய்விடும், என் வீட்டுக்கு வரும், நூர்ஜஹான் வீட்டுக்கு வரும், பேங்க் காலனி வரைக்கும்கூட ஒன்று போயிருக்கிறது. கட்டிப் பார்த்தால் ஒருத்திக்கும் நன்றாக இருக்காது, வெறும் வெளுத்த பருத்தி. சாயங்காலம் மில்லை நிறுத்திவிட்டு வீடு வீடாக வந்து, காபி குடித்து, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, சேலைகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவாள். அடுத்தவர் துணி அவள் கொடியில் வந்து தொங்கி நாங்கள் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவளுடைய கத்தரிப்பூ நிறச் சேலை, கரை சாயம் போனது, துவைக்கப் போட்ட நாளெல்லாம் வசந்தாமணி வீட்டுக் கொடிக்கு வந்தது. தெருவிலேயே அதிகம் வெந்தவள் யார் என்பது எங்களுக்கும் தெரிந்துபோனது. ஊருக்கெல்லாம் உடுத்தச் சொல்லிக் கொடுக்கிற பெண், மாவு மில்காரியின் சேலையை அவசர அவசரமாக மடித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்குவாள். எதிர் மாடியில் நான் எதற்கு இருக்கிறேன்?

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் ஹேமலதா போன் செய்தாள். எங்கள் தெருச் சமாச்சாரம் அவள் காதுக்கும் போயிருந்தது. தீபாவளி மலருக்கு நேரில் வந்து படம் எடுக்கப் போகிறாளாம்.

"உங்க தெரு, உங்க பக்கம், வேற யாரு செய்ய முடியும் மேடம்? ஊரே ஆசைப்படற சேலை உங்களுதாத்தான் இருக்கும். எத்தனை கொடிக்குப் போயிருக்கு?"

"அதையெல்லாம் யாருங்க எண்ணிட்டிருக்கறாங்க," என்று சொல்லிவிட்டாள் வசந்தாமணி. வாய் சொல்லிவிட்டது, பிறகுதான் யோசித்தாள். ஒரு சேலையும் போகவில்லை என்று அந்தப் பெண் வந்து பார்த்தால், யாரும் ஆசைப்படாத ஒருத்தி மற்றவர்களுக்கு எப்படி அழகு சொல்லிக் கொடுப்பாள் என்று கேட்பாளா மாட்டாளா? 'சிக்கன சிங்காரம்' வேறு ஒருத்தி பெயரில் வரும். இதையெல்லாம் சிவசாமியிடம் சொல்லி அழுதாளாம். அவர் நல்ல மனிதர், "உன்ற சேல எனக்குப் புடிச்சிருக்குதே அம்மிணி" என்றாராம். அது இருக்கிற எரிச்சலை இன்னும் ஏற்றிவிட்டது.

மறுநாள் அவள் முதல் முறையாகத் தன் நல்ல சேலை ஒன்றை நனைத்து மாடிக்குக் கொண்டுவந்தாள். மயில் கழுத்து நிறம், அரக்குக் கரை, அதைப் பற்றி ஒரு பக்கமே எழுதியிருந்தாள். நாங்கள் எல்லோரும் அன்றைக்குச் சோற்றைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு மேலே வந்தோம். சேலை போட்ட இடத்திலேயே கிடந்தது. அடுத்த நாள் சாம்பல் பட்டு, அதற்கடுத்த நாள் செம்பருத்தி சிவப்பு, எல்லாம் போட்ட இடத்திலேயே காய்ந்து, வெயிலில் ஒரு சாயல் வெளுத்து, அவளே எடுத்துக்கொண்டு போனாள். பரிதாபமாகத்தான் இருந்தது. நான்கூட அந்தச் சிவப்பைப் பார்த்து ஆசைப்பட முயன்று பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், அதெல்லாம் சொல்லி வருகிறதா?

அப்புறம் ஒரு மத்தியானம் கோகிலவாணி கையைத் தட்டிக் கூப்பிட்டாள். வசந்தாமணியின் மயில் கழுத்துச் சேலை அவள் கொடியில்! நாங்கள் சாப்பிட்ட கையோடு ஓடினோம். வசந்தாமணியும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து நின்றாள், முகம் பூரித்திருந்தது.

"காத்துல வந்துருச்சாட்ட இருக்குதுங்க," என்றாள், தன் சேலையைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்தாளோ.

கோகிலவாணி சேலையைத் தொட்டுப் பார்த்தாள், முந்தானையை விரித்தாள், மறுபடி மடித்தாள். அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. சேலை நெடுக இஸ்திரி மடிப்பு, கத்தி போல, நான்காக, எட்டாக. கசங்கிய துணியை எடுத்துக்கொண்டு நாலு பேர் வீட்டுப் படியேற அவளால் முடியாது, அது அவள் ரத்தத்திலேயே இல்லை. அவளே தேய்த்து, அவளே எடுத்துவந்து, நாங்கள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவளே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"காத்து இஸ்திரி போட்டுக் குடுக்குமாங்க?" என்று கோகிலவாணி கேட்டாள். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது, ஆனால் சிரித்தோம், மைனாவதி மட்டும்தான் சிரிக்கவில்லை. அவள், "விடுங்கக்கா, பாக்கறதுக்கு எவ்வளவு நல்லாருக்குது" என்று சொன்னாள், அதுதான் வசந்தாமணியைச் சுட்டுவிட்டது. இவளுக்கு மட்டும் எரிவதே இல்லை, அது எப்படி? அதற்குப் பிறகு வசந்தாமணி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கு அவள் கொடிக்கு வந்த கத்தரிப்பூச் சேலையைக்கூட அவள் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. மைனாவதியும் கேட்டு வரவில்லை.

ஹேமலதா வருகிற நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் வசந்தாமணி ஒரு காரியம் செய்தாள். அலமாரியைத் திறந்து இருந்த சேலை எல்லாவற்றையும், பட்டு, பருத்தி, பூனம், கல்யாணச் சேலை, வளைகாப்புச் சேலை எல்லாவற்றையும், தண்ணீரில் முக்கிப் பிழிந்து மாடியில் கொண்டுவந்து போட்டாள். கொடி போதாமல் கைப்பிடிச் சுவர் மேலும், தண்ணீர்த் தொட்டி மேலும், டிஷ் ஆன்டெனா மேலும் போட்டாள். ஒன்றாவது போகாதா! இத்தனையில் ஒன்று, ஒரே ஒன்று, யார் கொடிக்காவது போகாதா! கீழே போய்ச் சோற்றைத் தட்டில் போட்டு அப்படியே வைத்துவிட்டு, மேலே வந்து பார்த்தாள். எல்லாம் அங்கேயே இருந்தது.

கீழே கார் வந்து நின்றது. அழைப்பு மணி அடித்தது. அப்போதுதான் அவளுக்குத் தான் நைட்டியில் நிற்பது உறைத்திருக்கிறது. கட்டுவதற்கு வீட்டில் காய்ந்த சேலை என்று ஒன்றுகூட இல்லை, எல்லாம் மாடியில் ஈரமாகக் கிடந்தன. இருந்தது ஒன்றே ஒன்று. மைனாவதியின் கத்தரிப்பூச் சேலை, கரை சாயம் போனது.

சிவசாமி வந்தவர்களுக்கு இளநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் வெளியே வந்ததைப் பார்த்தேன், தெருவே பார்த்தது. அதே சேலைதான். அந்தச் சேலையில் எங்கேயும் இல்லாத கடுகு மஞ்சளில் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை. கொசுவம் விரல் விரலாக நின்றது, துவைத்துத் துவைத்து மெலிந்த துணி என்பதால் தண்ணீர் மாதிரி விழுந்தது. சாயம் போன கரையை மறைக்காமல் தோளில் முன்னுக்கு வைத்திருந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் மட்டும் ஒரு பெரிய வெள்ளித் தோடு. நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் அவள் எழுதியதெல்லாம் இதைத்தான் போலிருக்கிறது, எங்களுக்குத்தான் புரியவில்லை.

"மேடம், அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!" என்று ஹேமலதா கத்தினாள். கொடிக்குப் போன சேலை எது, எத்தனை என்று அவள் கேட்கவே இல்லை. தெரு நடுவில் நிறுத்தி, குழாயடியில் நிறுத்தி, எங்களைச் சுற்றி நிறுத்தி, படமாக எடுத்துத் தள்ளினாள். "இது எங்க வாங்கினது?"

"பக்கத்துலதானுங்க," என்றாள் வசந்தாமணி.

மைனாவதி மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே யாருடைய கோதுமையோ தீர்ந்துபோய் மிஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது, அவள் திரும்பவில்லை. புருவத்தில் மாவோடு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, தன் சேலையைப் பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் குனிந்து தான் கட்டியிருந்ததை ஒரு முறை பார்த்தாள், இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள், கட்டிய சேலையைத் துவைத்துக் கொடுப்பதுதான் முறை என்று வசந்தாமணி அதை அலசி மாடியில் போட்டாள். வாழைப்பழம்கூட வாங்கி வைத்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கொடி காலியாக இருந்தது.

அவள் நாலா பக்கமும் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். தெருமுனையில், மாவு மில்லுக்கு மேலே, மைனாவதி வீட்டுக் கொடியில், கத்தரிப்பூச் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

தானாக வீடு திரும்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். துணி தானாகத் திரும்பாது என்பது எங்கள் தெருவில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போனது என்றால் போனதுதான், யாருக்கு வெந்ததோ அவள் கொடிக்குத்தான்.

வசந்தாமணி மாடியிலிருந்து இறங்கினாள். நைட்டியோடு, மேலே ஒரு துண்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், தெரு நெடுக நடந்து போனாள். நானும் நூர்ஜஹானும் பின்னாலேயே போனோம், கூப்பிடாமல்தான்.

மைனாவதி மாடியில் தன் சேலைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மைனா, என்ற சேல உன்ற கொடிக்கு வந்திருக்குது," என்றாள் வசந்தாமணி. எத்தனை நாள் ஆசை அது, அப்படிச் சொல்ல.

"அது என்ற சேலைங்கக்கா."

"என்ற கொடியில இருந்துதான வந்துது?"

மைனாவதி கிளிப்பை எடுத்து, சேலையை உருவி, இரண்டு கையிலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "எத்தனை வருசமாக் கட்டறேன். இது இப்படியாப்பட்ட சேலைன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க," என்றாள். "நேத்து உங்களப் பாத்தப்ப எனக்கு..." அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் பழகிப்போன விஷயம், அவளுக்கு அதுதான் முதல் தடவை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, வலிக்கிற இடத்தைத் தேடுகிறவள் மாதிரி நின்றாள்.

வயிறு எரிஞ்சது என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் வசந்தாமணி காதால் கேட்க வேண்டியிருந்தது. இஸ்திரி போட்டு எடுத்துப் போனதும், கல்யாணச் சேலையைத் தண்ணீரில் முக்கியதும் அதற்குத்தான். ஆனால் மைனாவதியின் முகத்தைப் பார்த்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"காத்துல வந்திருக்கும் மைனா."

"ஆமாங்கக்கா," என்றாள் மைனாவதி. "காத்து ரொம்பத்தான் அடிக்குது."

"நீயே வச்சுக்க. உன்றதுதான."

"வேண்டாங்கக்கா. என்ற மேல அது அப்படி நிக்காது."

அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எது எப்படி நிற்கும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சேலையைத் திருப்பிக் கொடுத்து அவளுக்குப் பழக்கம் கிடையாது. வெறுங்கையோடு கொடுக்கக் கூடாது என்று தெரியும், என்ன முடிவது என்று தெரியவில்லை. கீழே ஓடிப்போய், இரண்டு கை நிறைய அரிசி மாவை அள்ளி வந்து முந்தானையில் கொட்டி முடிந்து கொடுத்தாள். மெலிந்த துணி, நுணுக்கமான மாவு, வசந்தாமணி அதை மார்போடு அணைத்துக்கொண்டு போகப் போக, மைனாவதி வீட்டிலிருந்து அவள் வீடு வரை தெரு நெடுக வெள்ளையாக ஒரு கோடு விழுந்துகொண்டே போனது. நாங்கள் அதை மிதிக்காமல் ஓரமாக நடந்தோம்.

தீபாவளி மலர் வந்தது, அட்டையிலேயே வசந்தாமணி. 'சிக்கன சிங்காரம்' இப்போது இரண்டு பக்கம் வருகிறது. மைனாவதி ஒரு பிரதி வாங்கி மில்லில் மாட்டியிருக்கிறாள், இப்போதெல்லாம் பச்சைக்கு ஊதா கட்டுவதில்லை, மாவு படாமல் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு அரைக்கிறாள், சாயங்காலம் வசந்தாமணி வீட்டுக்குப் போய் எதற்கு எது சேரும் என்று கேட்கிறாள். வசந்தாமணியும் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறாள், ஆனால் அவள் முகத்தில் அந்த அட்டைப்பட வெளிச்சம் இல்லை. எங்கள் தெருவில் சேலைகள் இன்னும் வீடு மாறிக்கொண்டுதான் இருக்கின்றன, கோகிலவாணிக்கும் நூர்ஜஹானுக்கும் போக்குவரத்து நிற்கவே இல்லை. மைனாவதியின் சேலை மட்டும் அந்த மாவுக்கோடு விழுந்த நாளிலிருந்து யார் வீட்டுக்கும் வருவதில்லை. போட்ட கொடியிலேயே காய்கிறது, அவளே எடுத்து மடிக்கிறாள். அந்த வெளுத்த பருத்தியில் என்ன இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது எனக்கு. எங்களுக்கெல்லாம் எரிந்தது, எரியத் தெரியாத ஒருத்தியைப் பார்த்துத்தான்.

நேற்று மத்தியானம் கை கழுவிவிட்டு மாடிக்குப் போனேன். எதிர் மாடியில் வசந்தாமணி தன் காலிக் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கொடியில் மைனாவதியின் வெளுத்த பருத்தி எதுவும் இல்லை, என் துணிகள் மட்டும்தான் கிடந்தன, அவற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.